வீட்டுக் காற்றும் நாட்டு நலமும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

ஆண்டு விழா மேடையிலே முத்தமிழ் முழங்குவது வழக்கம். இன்றும் குழந்தைகளின் நடனமும், மகளிர் குழுவினரின் பாட்டும், இறுதியில் நாடகமும் நடைபெற இருக்கின்றன. அவற்றுக்கு நடுவே அடுப்பையும் புகையையும் பற்றிப் பேச ஒருவரை ஏற்றிவிட்டார்களே என்று சிலர் எண்ணக்கூடும். பார்சல் ஆபீஸில் ரசீது எழுதுவதே நம் தொழில்; மெட்ரிகுலேஷனுக்கு மேல் படித்தவரும் அல்லோம். எனினும் நம் செயலாளர் அவர்கள், குளிர்காலம் தொடங்கிவிட்டபடியால் வீட்டுக்குள் இருக்கும் காற்றைப் பற்றி அரசாங்கம் என்ன செய்திருக்கிறது, நாம் என்ன செய்ய வேண்டும் என்பதை எல்லோருக்கும் விளங்கும்படி எடுத்துச் சொல்லுமாறு பணித்தார்கள். அதை ஏற்று, படித்தும் கேட்டும் அறிந்தவற்றை உங்கள் முன் வைக்கிறோம்.

இந்தத் தில்லி மாநகரிலே வெளிக்காற்றைப் பற்றிப் பேசாதவர் இல்லை. கார்த்திகை பிறந்தால் வானம் சாம்பல் நிறமாகிவிடுகிறது; பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை விடுகிறார்கள்; காற்றின் நிலையைக் காட்டும் எண் நாள்தோறும் செய்தியாகிறது. ஆனால் நம் வீட்டுப் பெண்களும், கைக்குழந்தைகளும், முதியோர்களும் ஒரு நாளின் பெரும்பகுதியை எங்கே கழிக்கிறார்கள்? கதவடைத்த அறைகளிலும் அடுக்களையிலும் அன்றோ! அங்கே உள்ள காற்றின் எண்ணை எந்தப் பத்திரிகையும் வெளியிடுவதில்லை.

காற்றின் மாசை அளப்பவர்கள், 2.5 மைக்ரானும் அதற்குக் குறைவுமான நுண்தூசியையே முதன்மையாகக் கணக்கிடுகிறார்கள். ஒரு தலைமயிரின் பருமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்குதான் அதன் அளவு. மூக்கு மயிரும் சளியும் அதைத் தடுப்பதில்லை. நுரையீரலின் அடிப்பகுதி வரை சென்று தங்கிவிடுகிறது. நம் அரசாங்கம் 2009ஆம் ஆண்டில், ஒரு கன மீட்டர் வெளிக்காற்றில் இந்நுண்தூசி ஆண்டுச் சராசரியாக 40 மைக்ரோகிராமுக்கு மேற்படலாகாது என்று வரையறுத்தது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட நெறிமுறை இன்னும் கண்டிப்பானது. 5 மைக்ரோகிராமே போதும் என்கிறது. இந்த அளவுகளை மனத்தில் கொண்டு அடுத்ததைக் கேளுங்கள். 1980களின் தொடக்கத்தில் கிர்க் ஸ்மித் என்னும் அமெரிக்க அறிஞரும் இந்திய அறிஞர்களும் குஜராத்தின் சில கிராமங்களுக்குச் சென்று, விறகும் வறட்டியும் எரித்துச் சமைக்கும் பெண்களின் உடலிலேயே சிறு கருவிகளைப் பொருத்தி அளந்தார்கள். சமைக்கும் நேரத்தில் அவர்கள் சுவாசித்த காற்றில் பெரியதும் சிறியதுமான தூசி மொத்தமாக ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 7,000 மைக்ரோகிராம் இருந்தது. நுண்தூசியும் மொத்தத் தூசியும் ஒன்றல்ல என்பது மெய்யே. ஆயினும் அந்த அடுக்களைகளின் நிலை என்ன என்பதை உணர இந்த எண் ஒன்றே போதும்.

இதன் விளைவு கண்ணெரிச்சலோடும் இருமலோடும் நிற்பதில்லை. 2019ஆம் ஆண்டில் இந்தியாவில் காற்று மாசினால் நேர்ந்த மரணங்கள் ஏறத்தாழ 16 லட்சத்து 70 ஆயிரம் என்றும், அவற்றுள் ஏறத்தாழ 6 லட்சத்து 10 ஆயிரம் வீட்டுக்குள் எழும் புகையால் நேர்ந்தவை என்றும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் முதலிய நிறுவனங்களைச் சேர்ந்த அறிஞர்கள் 2020இல் மதிப்பிட்டு வெளியிட்டார்கள். இத்தனை பேரைக் கொண்டுசெல்லும் ஒன்று ஏன் நெடுங்காலம் ஒரு நோயாகவே கருதப்படாமல் இருந்தது? காரணம் எளிது. அது வீட்டுக்குள் நடந்தது, பெண்களுக்கு நடந்தது, அடுப்பூதினால் கண் கலங்கத்தானே செய்யும் என்று எல்லோரும் இருந்துவிட்டார்கள்.

அவ்வாறு இருந்துவிடாத ஒரு தமிழ்ப் பெண்மணியைப் பற்றி இந்த மேடையிலே சொல்லியே ஆக வேண்டும். டாக்டர் எஸ். பத்மாவதி அம்மையார் 1917இல் பர்மாவில் பிறந்தவர். ரங்கூனிலே மருத்துவம் பயின்றார். 1942இல் ஜப்பானியர் படையெடுப்பின்போது அவருடைய குடும்பம் பர்மாவை விட்டுக் கோயம்புத்தூருக்கு வந்து சேர்ந்தது. பின்னர் அயல்நாடுகளில் இருதய மருத்துவம் கற்று, 1950களில் இதே தில்லியில், லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில் பணியேற்றார். அங்கே வந்த நோயாளிகளில், நுரையீரல் கெட்டு அதன் சுமையால் இருதயத்தின் வலப்பாகம் தளர்ந்துபோனவர்களை அவர் கவனித்தார். அந்நோய் புகைபிடிக்கும் ஆண்களுக்கு வருவது என்றே பிற நாட்டு நூல்கள் கூறின. தில்லியிலோ, புகையிலையைத் தொட்டறியாத பெண்களும் ஆண்களுக்கு நிகராக அந்நோயோடு வந்தார்கள். ஆண்களைவிட இளைய வயதிலேயே வந்தார்கள். 127 நோயாளிகளை ஆராய்ந்து 1959இல் அவரும் அவருடன் பணியாற்றியவரும் வெளியிட்ட கட்டுரை, அடுப்புப் புகையின் மீது சந்தேகத்தைச் செலுத்தியது. அடுக்களைப் புகை இருதயத்தையும் தாக்கவல்லது என்று உலகுக்கு எடுத்துக் காட்டிய முதல் சில குரல்களில் அது ஒன்று. பத்ம விபூஷண் விருது பெற்ற அவ்வம்மையார் 2020ஆம் ஆண்டு, 103ஆவது வயதில் காலமானார். ஊர்விட்டு ஊர்வந்த ஒரு தமிழ்ப் பெண் தில்லிப் பெண்களின் மூச்சுக்காகச் செய்த இத்தொண்டு, நம் சங்கத்துக் குழந்தைகள் அறிந்திருக்க வேண்டியது.

இனி, அடுப்பைச் சீர்திருத்த எடுத்துக்கொண்ட முயற்சிகளைப் பார்ப்போம்.

தஞ்சாவூரிலே பிறந்த ஜே. சி. குமரப்பா அவர்கள் செயலாளராக இருந்து நடத்திய அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கம் 1934இல் தோன்றியது. வார்தாவில் அதன் தலைமையகத்துக்கு, மகன்லால் காந்தியின் நினைவாக மகன்வாடி என்று பெயர். புகைபோக்கி வைத்த மண்ணடுப்பு ஒன்று அங்கே உருவாகி மகன் அடுப்பு என்று பெயர் பெற்றது. 1950களில் ஹைதராபாத்தில் எஸ். பி. ராஜு என்னும் பொறியியல் அறிஞர், ஏழைகளும் தம் கையாலேயே கட்டிக்கொள்ளக்கூடிய புகையில்லா அடுப்பை வகுத்து, அதை விளக்கி நூலும் எழுதினார். அந்நூலை வெளியிட்டது சென்னை நகரத்துப் பதிப்பகம். நோக்கம் சிறந்தது, அறிவும் இருந்தது. ஆனால் லட்சக்கணக்கான வீடுகளுக்கு அவற்றைக் கொண்டுசெல்ல ஒரு பெரும் அமைப்பு வேண்டியிருந்தது.

அந்த அமைப்பை மத்திய அரசாங்கம் 1980களில் ஏற்படுத்தியது. சீர்திருத்த அடுப்புக்கான தேசியத் திட்டம் என்பது அதன் பெயர். 1983இல் சோதனையாகத் தொடங்கி, பின்னர் நாடெங்கும் பரவி, 2002 வரை மத்திய அரசின் பொறுப்பில் நடைபெற்றது. அடுப்பின் விலையில் பெரும்பகுதியை அரசாங்கமே மானியமாகக் கொடுத்தது. 3 கோடிக்கும் அதிகமான அடுப்புகள் கட்டித் தரப்பட்டதாகக் கணக்கு. ஆனால் பின்னர் சென்று பார்த்தவர்கள் கண்டது வேறு. பல வீடுகளில் புகைபோக்கியில் கரி அடைத்துக்கொண்டது. அதைத் துடைக்க யாரும் கற்றுத்தரவில்லை. சில இடங்களில் அடுப்பு ஓரிரு ஆண்டுகளில் வெடித்துப் பிளந்தது. சீர் செய்ய ஆள் வரவில்லை. அடுப்பின் வாய் அவ்வீட்டுப் பாத்திரத்துக்குப் பொருந்தவில்லை. ஆகவே பழைய அடுப்பே மீண்டும் எரிந்தது.

பார்சல் ஆபீஸில் உள்ளவர்களுக்கு இதில் ஓர் உண்மை உடனே விளங்கும். இன்று இத்தனை பார்சல் பதிவாயிற்று என்று எழுதுவது எளிய வேலை. உரியவர் வந்து, பொருள் உடையாமல் இருக்கக் கண்டு, கையொப்பமிட்டுப் பெற்றுச் செல்லும்வரை நம் பொறுப்பு தீர்வதில்லை. அடுப்புத் திட்டத்தில் பதிவுக் கணக்கு இருந்தது. பட்டுவாடாக் கணக்கு இல்லை. அடுப்பு எரிகிறதா, புகை வெளியே போகிறதா, அதைப் பயன்படுத்தும் தாய்க்குத் திருப்தியா என்று கேட்க ஏற்பாடு போதவில்லை.

இதை எண்ணும்போது நம் ரயில்வேயின் கதையையும் ஒப்பிட்டுப் பார்க்கத் தோன்றுகிறது. சித்தரஞ்சன் தொழிற்சாலையில் நீராவி எஞ்சின் செய்வது 1972இல் நின்றது. 1990களில் அகலப் பாதையிலிருந்து கரிப்புகை எஞ்சின் விடைபெற்றது. டீசலும் மின்சாரமும் அந்த இடத்தைப் பிடித்தன. எஞ்சின் அரசாங்கத்தின் சொத்து. ஓர் உத்தரவு போட்டால் மாற்றிவிடலாம். அடுப்போ கோடிக்கணக்கான குடும்பங்களின் சொத்து. அதை உத்தரவினால் மாற்ற இயலாது. விலை கட்டுப்படியாக வேண்டும், எரிபொருள் தவறாமல் கிடைக்க வேண்டும், சமைப்பவருக்கு மனம் ஒப்ப வேண்டும். இம்மூன்றும் கூடினாலன்றிப் புகை போகாது.

அடுத்துவந்த காலத்தில் அரசாங்கங்கள் அடுப்பைச் சீர்திருத்துவதை விட்டு எரிபொருளையே மாற்றும் வழியை மேற்கொண்டன. ஆந்திர மாநிலத்தில் 1999இல் தீபம் என்னும் திட்டத்தின் மூலம் ஏழைப் பெண்களுக்கு எரிவாயு இணைப்புத் தந்தார்கள். தமிழ்நாட்டில் 2007இல் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச எரிவாயு அடுப்பு வழங்கத் தொடங்கினார்கள்; நம் ஊர்ப்பக்கத்துச் சொந்தக்காரர் வீடுகள் பலவற்றில் முதல் சிலிண்டர் வந்தது அப்போதுதான். தில்லியில் 2012இல், மண்ணெண்ணெய் அட்டை வைத்திருந்த ஏழைக் குடும்பங்களை எரிவாயுவுக்கு மாற்றும் திட்டம் வந்தது. 2016 மே 1ஆம் தேதி, உத்தரப் பிரதேசத்தின் பலியா நகரில் பிரதம மந்திரி உஜ்வலா யோஜனா தொடங்கப்பட்டது. வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள குடும்பத்தில், இணைப்பு பெண்ணின் பெயரிலேயே தரப்படும் என்பது அதன் சிறப்பு. 2019 செப்டம்பருக்குள் 8 கோடி இணைப்புகள் தரப்பட்டன; பின்னர் அது 10 கோடியையும் தாண்டியது.

இதன் பயன் கண்கூடு. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, சமையலுக்குத் தூய எரிபொருளைப் பயன்படுத்தும் வீடுகள் 2005-06இல் நூற்றுக்கு ஏறத்தாழ 26, 2015-16இல் 44, 2019-21இல் 59. நகரங்களில் மட்டும் பார்த்தால் நூற்றுக்கு 90, கிராமங்களில் 43. பதினைந்து ஆண்டுகளில் இத்தனை கோடி அடுக்களைகளில் மாறுதல் ஏற்பட்டது சிறு செயலன்று. எந்தக் கட்சி ஆட்சியில் எது நடந்தது என்று வாதிடுவது நம் சங்க மேடையின் வழக்கமல்ல. ஒன்றின்மேல் ஒன்றாகப் பல அரசாங்கங்கள் கட்டிய கட்டடம் இது என்று மட்டும் சொல்லி மேலே செல்வோம்.

ஆனால் இங்கும் பட்டுவாடாக் கணக்கைப் பார்த்தல் வேண்டும். 14.2 கிலோ சிலிண்டரிலே மட்டும் சமைத்தால், நம் குடும்பங்களுக்கு ஆண்டுக்கு எத்தனை சிலிண்டர் ஆகிறது என்பது இங்குள்ள தாய்மார்களுக்குத் தெரியும். உஜ்வலா இணைப்புப் பெற்ற குடும்பங்கள் 2019-20இல் சராசரியாக வாங்கியது ஆண்டுக்கு 3 சிலிண்டர்தான். 2023-24இல் அது ஏறத்தாழ 4 ஆயிற்று. மூன்று நான்கு சிலிண்டர்களைக் கொண்டு ஓர் ஆண்டு முழுவதும் ஐந்து பேருக்குச் சமைக்க இயலுமா? மீதி நாட்களில் மூலையிலிருக்கும் மண்ணடுப்பே எரிகிறது என்பதுதான் பொருள். விலைதான் தடை என்பதை அரசாங்கமும் உணர்ந்தது. 2022 மே மாதத்தில் உஜ்வலா குடும்பங்களுக்குச் சிலிண்டர் ஒன்றுக்கு 200 ரூபாய் மானியம் அறிவித்து, 2023 அக்டோபரில் அதை 300 ஆக உயர்த்தியது.

இவ்விடத்தில் நம்மிடையே அடிக்கடி காதில் விழும் ஒரு பேச்சுக்கு விடை கூற வேண்டும். "அவர்களுக்கு விறகில் சமைத்தால்தான் ருசி, கொடுத்தாலும் பயன்படுத்த மாட்டார்கள்" என்பது அந்தப் பேச்சு. இது மெய்தானா என்பதற்கு நம் தமிழ்நாட்டிலிருந்தே சான்று கிடைத்திருக்கிறது. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவ நிறுவனத்தின் அறிஞர்கள், விழுப்புரம், நாகப்பட்டினம் மாவட்டங்களில் 800 கருவுற்ற பெண்களைக் கொண்டு ஒரு சோதனை நடத்தினார்கள். இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா என்னும் நான்கு நாடுகளிலும் சேர்த்து 3,200 பெண்கள் அதில் பங்கு பெற்றார்கள். பாதிப் பேருக்கு எரிவாயு அடுப்பும், 18 மாதங்களுக்கு வேண்டிய எரிவாயுவும் இலவசமாக வீட்டுக்கே வந்தன. மற்றவர்கள் வழக்கம்போல் விறகடுப்பில் சமைத்தார்கள். என்ன நடந்தது? எரிவாயு பெற்ற பெண்கள் பழைய அடுப்பை ஏறத்தாழ முற்றிலும் கைவிட்டார்கள். அவர்கள் சுவாசித்த நுண்தூசி கன மீட்டருக்கு 24 மைக்ரோகிராம் அளவில் நின்றது, மற்றவர்களுக்கோ 71. எரிவாயு தவறாமல் வந்தால், கட்டணம் தொல்லை செய்யாவிட்டால், எந்தப் பெண்ணும் புகையை விரும்பி ஊதுவதில்லை என்பது இதிலிருந்து தெளிவு.

அதே சோதனையின் மற்றொரு முடிவையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். பிறந்த குழந்தைகளின் எடையில் இரு சாராருக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை என்று 2022இல் வெளியிட்டார்கள். ஆகையால் அடுப்பை மாற்றிய உடனே எல்லா நோயும் பறந்துவிடும் என்று யாரும் வாக்களிக்க வேண்டியதில்லை. அதனால் புகை தீங்கற்றது என்றும் ஆகிவிடாது. பத்மாவதி அம்மையார் கண்ட நோய், பத்தும் இருபதும் ஆண்டுகளாக அடுப்பின்முன் அமர்ந்ததால் விளைந்த நோய். சில மாதச் சோதனையில் அது முழுதும் வெளிப்படாது.

சட்டத்தின் பக்கமும் சற்றுப் பார்ப்போம். வீட்டுக்குள்ளும் கட்டடங்களுக்குள்ளும் காற்றைக் கெடுப்பதில் பீடிக்கும் சிகரெட்டுக்கும் பெரும் பங்குண்டு. நம் ரயில்வே சட்டம், 1989, 167ஆம் பிரிவு, ஒரு பெட்டியில் உடன் பயணம் செய்பவர் ஆட்சேபித்தால் எவரும் அங்கே புகைபிடிக்கலாகாது என்று கூறுகிறது. 2003இல் புகையிலைப் பொருள் சட்டம் வந்தது. 2008 அக்டோபர் 2ஆம் தேதி முதல், பொது இடங்களில் புகைபிடித்தல் நாடெங்கும் தடுக்கப்பட்டது. அலுவலக அறைகளில் புகைமண்டிக் கிடந்த அந்நாளை இங்குள்ள ஓய்வுபெற்ற பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த மாறுதல் சட்டத்தால் மட்டும் வந்ததன்று. ரயில்வே சட்டத்தின் சொல்லைக் கவனியுங்கள்: ஒருவர் ஆட்சேபிக்க வேண்டும். ஆட்சேபிக்க ஒருவர் எழுந்து நின்றபோதுதான் சட்டம் உயிர் பெற்றது. வீட்டுக்குள் நிலைமை இன்னும் கடினம். தந்தையோ மாமனாரோ படுக்கையறையில் பீடி பற்றவைத்தால் மருமகள் ஆட்சேபிக்க முடிகிறதா? அங்கே இன்ஸ்பெக்டர் வரமாட்டார். அபராதச் சீட்டும் இல்லை.

இதுவரை கூறியவற்றிலிருந்து கிடைக்கும் பாடம் ஒன்றே. அரசாங்கம் நம் வாசல்வரை அடுப்பையும் சிலிண்டரையும் சட்டத்தையும் கொண்டுவந்து சேர்க்கும். வாசலுக்கு உட்பட்ட காற்றை நாம்தான் காக்க வேண்டும். ஆகவே இனி நம் காலனிக்கு வருவோம்.

முதலாவது, நம் குவார்ட்டர்ஸ். இவற்றைக் கட்டியவர்கள் அடுக்களைக்குப் பின்புறம் ஒரு திறந்த வராந்தா விட்டுக் கட்டினார்கள். புகையும் ஆவியும் வெளியேற அதுவே வழி. குடும்பம் பெருகியதும், ஊரிலிருந்து பெற்றோர் வந்து சேர்ந்ததும், பிள்ளைகளுக்குப் படிக்க இடம் வேண்டியதும் உண்மை. அதற்காகப் பல வீடுகளில் அந்த வராந்தாவைத் தகரமும் பலகையும் அடித்து அறையாக்கியிருக்கிறார்கள். இடநெருக்கடியை அறிந்தவர்கள் இதைக் குறைகூற மாட்டார்கள். ஆனால் அடைக்கும்போது மேற்புறத்தில் ஒரு சாளரமாவது விட வேண்டும். இல்லையேல் ஓர் எக்ஸாஸ்ட் விசிறி பொருத்த வேண்டும். தாளிக்கும் எண்ணெய்ப் புகையும், எரிவாயுச் சுடர் வெளியிடும் வாயுக்களும் தங்கி நிற்கும் அறையில்தான் பல வீட்டுப் பிள்ளைகள் பரீட்சைக்குப் படிக்கிறார்கள். மூடிய அறையில் இரவு முழுதும் கொசுவர்த்தி ஏற்றுவதையும் தவிர்த்து, வலைகட்டிப் படுப்பது நலம்.

இரண்டாவது, இந்தப் பனிக்காலத்தில் உயிரையே பறிக்கும் ஒன்று, அங்கீட்டி. நம் ஊர்க் கணப்புச் சட்டி போன்றது. வட இந்தியாவிலே ஒவ்வொரு குளிர்காலத்திலும், மூடிய அறைக்குள் அங்கீட்டி வைத்துத் தூங்கிய குடும்பம் விடிந்தும் எழவில்லை என்ற செய்தி வராமல் இருப்பதில்லை. இதில் பலர் ஏமாறுவது எங்கே என்றால், கரி நன்றாகக் கனன்று சிவந்ததும் புகை நின்றுவிடுகிறது. புகை நின்றதும் ஆபத்தும் நின்றது என்று எண்ணி உள்ளே எடுத்துவருகிறார்கள். புகை நிற்கலாம்; கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு நிற்பதில்லை. அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தம் பிராண வாயுவைப் பற்றுவதைவிட இருநூறு மடங்குக்கு மேல் வலிமையாக இவ்வாயுவைப் பற்றிக்கொள்கிறது. முதலில் தலைவலி, பின்னர் மயக்கம், குமட்டல், அப்புறம் எழ முடியாத தூக்கம். தூங்குபவருக்கு இந்த அறிகுறிகளும் தெரிவதில்லை.

ஆகவே அங்கீட்டியை எக்காரணம் கொண்டும் உறங்கும் அறைக்குள் வைக்கலாகாது. ஊரிலிருந்து வந்திருக்கும் முதியோருக்குக் குளிர் தாங்கவில்லையென்றால் ரஜாயும் வெந்நீர்ப் பையும் கொடுங்கள். மின்கணப்பு வைத்தாலும் படுக்குமுன் அணைத்துவிடுங்கள். எரிவாயுவில் இயங்கும் கீஸரைக் குளியலறைக்குள் பொருத்துவதும் இதே ஆபத்தை உடையது. அது வெளியேதான் இருக்க வேண்டும். யாரேனும் மயங்கியிருக்கக் கண்டால் உடனே கதவு சன்னல்களைத் திறந்து, அவரை வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து, தாமதமின்றி மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள். தண்ணீர் தெளித்துக்கொண்டு உள்ளேயே நிற்காதீர்கள்.

மூன்றாவது, நம்மை அண்டி வாழ்பவர்கள். காலனி வாயிலில் இரவெல்லாம் காவல் நிற்கும் காவலாளி, பெட்டி உடைத்த மரத்துண்டும் பிளாஸ்டிக்கும் போட்டு எரித்துக் குளிர்காய்கிறார். அந்தப் புகை முதலில் அவர் நெஞ்சுக்கும், அடுத்து நம் சன்னலுக்கும் வருகிறது. தில்லி வட்டாரத்துக்கென்று 2017 முதல் நடைமுறைக்கு வந்த படிமுறைச் செயல் திட்டத்திலே, குடியிருப்போர் சங்கங்கள் தம் காவலாளிகளுக்கும் பணியாளர்களுக்கும் மின்கணப்பு வழங்க வேண்டும் என்று ஒரு விதியே சேர்க்கப்பட்டிருக்கிறது. விதி வந்து நம்மைத் தேடும்வரை காத்திருப்பது தமிழ்ச் சங்கத்துக்கு அழகன்று. இரண்டு வாயிலுக்கும் இரண்டு மின்கணப்புகள் வாங்கிவைக்க இந்த ஆண்டு நிதியில் இடம் ஒதுக்குமாறு பொருளாளர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

நம் வீடுகளுக்குப் பாத்திரம் துலக்க வரும் தாய்மார்களில் பலர் தமிழ் பேசுபவர்கள். பிழைப்பைத் தேடி நம்மைப் போலவே ஊர்விட்டு வந்தவர்கள். நமக்கு ரயில்வே உத்தியோகம் கிடைத்தது, குவார்ட்டர்ஸ் கிடைத்தது, முகவரி கிடைத்தது. அவர்களுக்குக் கிடைத்தது குடிசைப் பகுதியில் ஒற்றை அறை. அதிலேயே சமையல், அதிலேயே படுக்கை. முகவரிச் சான்று இல்லாமையால் எரிவாயு இணைப்பும் இல்லை. சிலர் தெருக்கடையில் கள்ளத்தனமாக நிரப்பிய கசியும் சிலிண்டரை வாங்குகிறார்கள். சிலர் விறகுக்குத் திரும்புகிறார்கள். நம் வீட்டுத் தட்டு பளபளக்க உழைக்கும் கை, தன் வீட்டில் புகையை ஊதிக்கொண்டிருக்கிறது.

இதற்கு வழி இருக்கிறது என்பதை அவர்களும் அறியார். நம்மிலும் பலர் அறியோம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய உஜ்வலாவின் இரண்டாம் கட்டத்தில், வெளியூரிலிருந்து குடிபெயர்ந்த குடும்பங்கள் ரேஷன் அட்டையோ முகவரிச் சான்றோ காட்ட வேண்டியதில்லை, தாமே எழுதித் தரும் உறுதிமொழி போதும் என்று விதி செய்தார்கள். அத்திட்டத்தில் இடம் பெறாதவர்களுக்கும், அடையாளச் சான்று ஒன்றைமட்டும் காட்டி முறையாக வாங்கக்கூடிய 5 கிலோ சிறு சிலிண்டரை எண்ணெய் நிறுவனங்கள் விற்பனைக்குக் கொண்டுவந்தன. குறை எங்கே என்றால், உறுதிமொழிப் படிவம் இந்தியிலும் ஆங்கிலத்திலும் இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாத தாய் அதை எவரிடம் எடுத்துச் செல்வாள்?

அன்பர்களே, படிவம் நிரப்புவது நம் தொழில்! இந்தக் காலனியில் எழுத்தர்கள் எத்தனை பேர்! பாஸ், பி.டி.ஓ., லீவு, மாற்றல், ஓய்வூதியம் என்று மூன்று பிரதிகளில் எழுதி எழுதிக் கை தேய்ந்தவர்கள் நாம். மாதத்தில் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு மணி நேரம், நம் சங்க மண்டபத்தில் ஒரு மேசையும் நாற்காலியும் போட்டு, முறைவைத்து இருவர் அமர்வோம். வருபவர்களுக்கு இணைப்பு விண்ணப்பமும் உறுதிமொழியும் எழுதித் தருவோம். வங்கிக் கணக்கில் மானியம் வந்து சேர்ந்ததா என்று பார்த்துச் சொல்வோம். மூன்று மாதம் கழித்து, அடுத்த சிலிண்டர் வாங்கினீர்களா என்று மறவாமல் கேட்போம். வாங்க முடியவில்லையென்றால், சங்கத்தில் ஒரு சிறு சுழல் நிதி வைத்து, மாதக் கடைசியில் கைமாற்றாகக் கொடுத்துத் தவணையில் திரும்பப் பெறலாம். அரசாங்கத்தின் பெருந்திட்டங்கள் பல இடங்களில் கைவிட்டது இந்தக் கடைசிக் கணக்கைத்தான். அதை நம்மால் எழுத முடியும். எத்தனை இணைப்பு வாங்கித் தந்தோம் என்பதைக் காட்டிலும், எத்தனை வீட்டில் மண்ணடுப்பு அணைந்தது என்பதை அடுத்த ஆண்டு மலரில் அச்சிடுவோம்.

இந்தப் பணிக்கு முன்வருவோர் விழா முடிந்ததும் செயலாளர் அவர்களிடம் பெயர் கொடுத்தால், வருகிற மாதத்து முதல் ஞாயிறே தொடங்கிவிடலாம். தாய்மார்கள் தம் வீட்டுக்கு வேலைக்கு வரும் பெண்களிடம் இச்செய்தியைச் சொல்லி அனுப்பினால் அதுவே பாதி வேலை முடிந்ததாகும்.

குழந்தைகள் வேடமிட்டுக்கொண்டு திரைக்குப் பின்னால் காத்திருக்கிறார்கள்.